விடுமுறைப் பகலில் எனக்குப் புரிந்த மலாய்

1

போன வெள்ளிக்கிழமை கோயிலில் ஒரு பெண் என்னைத் தேடி வந்து பேசினாள். மன்னார்குடிப் பக்கமாம். கணவருக்கு இங்கே ஒரு அச்சாபீசில் வேலை. ஆறு மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று அழைத்து வந்திருக்கிறார். தாலிக்கயிற்றில் மஞ்சள் இன்னும் வெளுக்கவில்லை.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். பகல்ல நீங்கள்லாம் என்ன பண்ணுவீங்க? எனக்கு வேலையே இல்லக்கா. உக்காந்திருக்கேன், படுத்திருக்கேன், மறுபடி உக்காந்திருக்கேன். அவங்க நல்லாத்தான் வச்சிருக்காங்க. ஆனா மூச்சு முட்டுது."

"போகப் போகப் பழகிடும்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறென்ன சொல்வது? பிரசாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நாலு பேர் சுற்றி வரும் இடத்தில் நின்று சொல்லக்கூடிய விஷயமா அது?

அவளிடம் சொல்ல முடியாததை உங்களுக்கு எழுதுகிறேன். "மலாயாவில் இருக்கிறாள், அவளுக்கென்ன குறை, கால்மேல் கால் போட்டுக்கொண்டு சாப்பிடுகிறாள்" என்று ஊரில் என்னைப் பற்றிப் பேசுகிறவர்கள் உண்டு. அவர்களும் படிக்கட்டும். கால்மேல் கால் போட்டுக்கொண்டிருந்த ஒரு நாளைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

2

எங்கள் வீடு திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே. கல்யாணமான மூன்றாம் மாதமே என் கணவர் மறுபடி கப்பலேறிவிட்டார். மலாக்காவில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். வந்தால் தெருவே வந்து பார்க்கும். பெட்டியிலிருந்து சோப்பும் சட்டைத்துணியும் வெளியே வரும். ஊர்க்காற்று உடம்பில் ஒட்டுவதற்குள் திரும்பிப் போகும் நாள் வந்துவிடும்.

மற்ற நாளெல்லாம் வீடு என் கையில். மாமியார் படுத்த படுக்கையாய்க் கிடந்த வருஷங்களை நான் பார்த்தேன். குத்தகைக்காரனிடம் மல்லுக்கு நின்று நெல் அளந்து வாங்கினேன். கூரையைப் பிரித்து ஓடு போட்டபோது கொத்தனாருக்கு நான்தான் யோசனை சொன்னேன். சாவிக்கொத்து என் இடுப்பில் இருந்தது. யாரும் என்னை, "எங்கே போகிறாய்?" என்று கேட்டதில்லை.

மாமியார் காரியம் முடிந்த பிறகு இவர் சொன்னார்: "நீ பட்டதெல்லாம் போதும் மாரி. வசந்தாவ அழைச்சிக்கிட்டு வா. ஆறு மாசம் அங்க சும்மா இரு. உடம்பு தேறட்டும். அப்புறம் நானும் கடையில சொல்லிட்டு உங்ககூடவே வந்துடறேன்."

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்து சில மாதங்கள் ஆகியிருந்த நேரம். என் பாத்திரம் பண்டம், பட்டுப்புடவை, தையல் மிஷின் எல்லாவற்றையும் உள்ளறையில் வைத்துப் பூட்டினேன். ஏழு வயது வசந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு நாகப்பட்டினத்தில் கப்பலேறினேன்.

மலாக்காவில் காஜா பேராங் தெருவில் ஒரு வரிசை வீடு. முன்பக்கம் இழுத்து மூடும் இரும்புக் கம்பிக் கதவு. கொல்லைப்புறம் ஒரு சந்து, சந்தைத் தாண்டினால் கம்போங் செட்டி என்ற குடியிருப்பு. விடியற்காலையில் அங்கிருந்து கோயில் மணி கேட்கும். கேட்டதும் எனக்கு உயிர் வந்தாற்போல இருக்கும். பிறகு நாள் முழுவதும் ஒன்றும் கேட்காது.

இவர் சொன்ன சொல் தவறவில்லை. என்னைச் சும்மா இருக்க வைத்தார். குழாயைத் திருகினால் தண்ணீர். மீனும் காயும் காலையில் அவரே பாசாரில் வாங்கி வந்து வைத்துவிடுவார். துணி துவைக்க ஒரு சீன அம்மாள் வந்தாள். நான் விளக்குமாற்றைத் தொட்டால், "விடு விடு, வசந்தா கூட்டுவா" என்பார். கடைக்குப் புறப்படும்போது கம்பிக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, "பாஷை தெரியாம எங்கியும் போயிடாதே" என்று ஒரு வார்த்தை. பூட்டமாட்டார். பூட்டியிருந்தால் கோபப்பட்டிருக்கலாம்.

பகலில் படுத்துத் தூங்குவது என்பதை நான் மலாக்காவில்தான் கற்றுக்கொண்டேன். ஊரில் பகலில் படுத்தால் காய்ச்சல் என்று அர்த்தம். இங்கே செய்வதற்கு வேறொன்றும் இல்லை. கண்ணை மூடினால், குத்தகைக்காரன் வரப்பை வெட்டிச் சேர்த்துக்கொண்டிருப்பான் என்று தோன்றும். திடுக்கிட்டு எழுந்தால் எதிரே கம்பிக் கதவு. அதன் இடைவெளியில் தெரு கட்டம் கட்டமாகத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சில சமயம் தெங்கேரா கடற்கரை வரைக்கும் அழைத்துப் போவார். கடல் அங்கே சேறாகப் பின்வாங்கிக் கிடக்கும். ஒரு நாள் கையை நீட்டிக் காட்டினார். "நேரா போனா சுமத்ரா. அதுக்கும் அந்தாண்ட போயிக்கிட்டே இருந்தா நம்ம ஊரு." நான் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டு நின்றேன். வசந்தா சேற்றில் நண்டு துரத்திக்கொண்டிருந்தாள்.

3

என் பெயர் மாரியம்மாள். அதனால்தான் மீனாச்சியோடு சிநேகம் உண்டாயிற்று.

ஒரு நாள் கொல்லைக் கதவைத் திறந்து சந்தைப் பார்த்தபடி நின்றேன். எதிர்வீட்டு வாசலில் ஒரு பெண் சாரோங்கும் கெபாயா சட்டையும் அணிந்து, நெற்றி நிறைய விபூதியோடு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை ஆட்டி, "மாரி! மாரி!" என்று கூப்பிட்டாள்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இந்த ஊரில் என் பெயர் தெரிந்த ஒரு பெண்! ஓடிப்போய், "என் பேரு உங்களுக்கு எப்படித் தெரியும்? எந்த ஊரு நீங்க?" என்று மூச்சு விடாமல் கேட்டேன். அவள் சிரித்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை புரியவில்லை அவளுக்கு. மலாயில் "மாரி" என்றால் "வா" என்று அர்த்தம். அதை வசந்தா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

மீனாச்சி செட்டிமாரில் ஒருத்தி. செட்டிமார் என்று இங்கே சொல்கிறார்களே, அவர்கள் எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் நம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். முருகனும் மாரியம்மனும் அவர்களுக்கும் தெய்வம். பொங்கல் உண்டு. இறந்தவர்களுக்கு வாழையிலை போட்டுப் படைப்பதும் உண்டு. அதைப் பார்ச்சு என்கிறார்கள். ஆனால் வாயைத் திறந்தால் மலாய். மீனாச்சிக்குத் தெரிந்த தமிழெல்லாம் சாமி, பூசை, அப்பம், கடை என்று இப்படிச் சில்லறைச் சொற்கள்தான். முதலில் எனக்கு அது பெரிய குறையாகப் பட்டது. விபூதி பூசிய நெற்றியிலிருந்து அந்தப் பாஷை வருவதைக் கேட்கவே என்னவோபோல் இருந்தது.

ஆனாலும் போனேன். தினமும் போனேன். வேறு எங்கே போவது? அவள் வெங்காயம் உரித்தால் நானும் உரிப்பேன். இவர் வீடு திரும்பும் நேரத்துக்கு முன்னால் வந்துவிடுவேன். ஏனென்று தெரியவில்லை, போனதை அவரிடம் சொல்லவில்லை.

சொற்கள் ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டன. என்னைக் கண்டதும் அவள் கேட்பது, "சுடா மாக்கான்?" சாப்பிட்டாயிற்றா? இல்லையென்றால், "பெலும்" என்று சொல்லவேண்டும். இன்னும் இல்லை, இனிமேல்தான் என்று பொருள். மீன் விற்கிறவன் சந்தில் வருவான். மீனாச்சி அவனிடம், "ஜுவால், ஜுவால்" என்று விலை பேசுவாள். ஜுவால் என்றால் விற்பது. இங்கே என்பதற்கு சினி, அங்கே என்பதற்கு சானா. பெண்சாதிக்கு பினி. கப்பலுக்கு மட்டும் பாடம் தேவைப்படவில்லை. அவர்களுக்கும் அது காப்பால்தான்.

வசந்தாவுக்குப் பாடமே தேவைப்படவில்லை. அவளை இவர் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தார். "ஆறு மாசந்தானேங்க, எதுக்கு?" என்று கேட்டேன். "சும்மா இருக்கறதுக்குப் போயிட்டு வரட்டுமே" என்றார். மாலையில் மீனாச்சியின் பிள்ளைகளோடு சந்தில் ஓடுவாள். இரண்டே மாதத்தில் தூக்கத்தில்கூட மலாய் பேசினாள். நான் தமிழில் கேட்டால் தமிழில் பதில் வரும். ஆனால் பதிலுக்கு முன்னால் ஒரு சின்ன நிறுத்தம். பரணில் தேடி எடுப்பதுபோல.

ஆறு மாதம் முடிந்தது. இவர் ஒன்றும் சொல்லவில்லை. நானாகக் கேட்டேன். "பாஸ் நீட்டிக்கணும். ஆபீஸ்ல ஒரே கூட்டம். சூசா பண்றானுங்க" என்றார். சூசா என்றால் தொல்லை. தமிழ்ப் பேச்சிலேயே இங்கே எல்லோரும் சொல்வார்கள். ஒரு நாள் என்னையும் வசந்தாவையும் ஆபீசுக்கு அழைத்துப் போனார். பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். "அவர் என்ன கேட்டாலும் யான்னு சொல்லு. போதும்" என்று வழியிலேயே சொல்லியிருந்தார். அதிகாரி நல்ல மனிதர். சிரித்துக்கொண்டே ஏதோ கேட்டார். நான் யா என்றேன், ஆமாம் என்று பொருள். இன்னொன்று கேட்டார். அதற்கும் யா. இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

4

சுதந்திரம் வந்து ஒரு வருஷம் நிறைந்த அந்த விடுமுறை நாள். கடை இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. காப்பிக்கடை வானொலியில் காலையிலிருந்தே பாண்டு வாத்தியம். கம்பிக் கதவில் ஒரு சின்னக் கொடியை வசந்தா கட்டியிருந்தாள்.

எல்லோரும் நேரம் கழித்து எழுந்தோம். இவரே ஆட்டுக்கறி வாங்கி வந்து, வெங்காயம் நறுக்கிக் கொடுத்தார். நன்றாகச் சாப்பிட்டோம். "இதுக்குத்தான் மனுசன் சம்பாதிக்கிறது" என்று வயிற்றைத் தடவிக்கொண்டார். உள்ளபடி சொன்னால் எனக்கும் அன்று மனம் லேசாகத்தான் இருந்தது. தீபாவளிக்குள் ஊர் போய்விடலாம் என்று நானே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

முன்னறையில் பாய் விரித்து நானும் வசந்தாவும் படுத்தோம். மேசை மின்விசிறி இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை திரும்பிக்கொண்டிருந்தது. வசந்தா உடனே தூங்கிவிட்டாள். இவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மீனாச்சியின் கணவர் நடராஜா வந்தார். முனிசிபாலிட்டியில் வேலை பார்ப்பவர், இவருக்கு நெடுநாளைய சிநேகிதர். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆகவே பேச்சு மலாயில் நடக்கும். எனக்கு அது ஆற்றுச் சலசலப்பு மாதிரி. அதைக் கேட்டுக்கொண்டே எத்தனையோ நாள் தூங்கியிருக்கிறேன்.

அன்றைக்கும் கண் சொருகும் நேரம். நடராஜா கேட்டார்: "பினி பிலா பாலிக் இந்தியா?"

பினி, நான். பிலா, எப்போது. பாலிக், திரும்பிப் போவது. என்னைப் பற்றித்தான் கேட்கிறார் என்று புரிந்ததும் கண்ணை மூடியபடியே சிரிப்பு வந்தது. அட, இவ்வளவு புரிகிறதே நமக்கு!

இவர் சொன்னார்: "தா பாலிக் லாகி. ருமா சானா சுடா ஜுவால்."

ருமா என்றால் வீடு, வசந்தா சொல்லிக் கொடுத்தது. சானா, அங்கே. சுடா, ஆயிற்று. ஜுவால், மீன்காரன். நான் ஒவ்வொன்றாகப் பொறுக்கி வைத்திருந்த சொற்கள் தாமாக ஒன்றையொன்று கைபிடித்து வரிசையில் நின்றன. இனிப் போவதில்லை, அங்கே இருக்கிற வீட்டை விற்றாயிற்று.

மலாயில் எனக்கு முழுதாகப் புரிந்த முதல் பேச்சு அதுதான்.

"பினி தாவு?" என்றார் நடராஜா. அவளுக்குத் தெரியுமா?

"பெலும்" என்றார் இவர். இன்னும் இல்லை.

குரலைத் தாழ்த்தக்கூட இல்லை. அதை இப்போது நினைத்தாலும் எனக்குப் பொறுக்கவில்லை. ரகசியம் பேசுகிறவர்கள் குனிந்து, காதோடு காதாகப் பேசுவார்கள். இவர் நல்ல வெளிச்சத்தில், காப்பியைக் குடித்துக்கொண்டு, என் தலைமாட்டில் உட்கார்ந்து சாதாரணமாகச் சொன்னார். நான் அங்கே இருப்பதும் மின்விசிறி இருப்பதும் ஒன்றுதான்.

எழுந்திருக்கவேண்டும் என்று நினைத்தேன். வசந்தாவின் கால் என் வயிற்றின் மேல் கிடந்தது. இடுப்பில் சாவிக்கொத்து உறுத்தியது. உள்ளறைப் பூட்டு நினைவுக்கு வந்தது. சாவி என்னிடம் இருக்கிறது. அப்படியானால் பூட்டை உடைத்திருக்கிறார்கள். யார்? எதனால்? கடப்பாரையா, சுத்தியலா? என் தையல் மிஷினை எந்தப் பக்கம் தள்ளிவைத்தார்கள்? வீடு போனதைவிட இந்தக் கேள்விகளே என்னைப் போட்டு அறுத்தன. ஓடு போட்ட பிறகும் ஒரு மூலையில் ஒழுக்கு நிற்கவில்லை. மறு மழைக்குள் பார்த்துச் சரிசெய்யவேண்டும் என்று நினைத்திருந்தேன். அதை வாங்கியவனுக்கு யார் சொல்வார்கள்?

ஆபீசில் அதிகாரி கேட்ட கேள்வியும் அப்போதுதான் தெளிந்தது. "சுக்கா திங்கால் சினி?" என்று கேட்டிருந்தார். இங்கே இருக்கப் பிரியமா? சிரித்துக்கொண்டே யா சொன்னது நான்தான்.

நடராஜா போய்விட்டார். இவர் உள்ளே வந்து, எங்களை மிதித்துவிடாமல் ஓரமாக நடந்து, கட்டிலில் படுத்துக் குறட்டை விட்டார். வானொலியும் ஓய்ந்துவிட்டது. வீடு, தெரு, சந்து எல்லாம் சுகமாகத் தூங்கின. அந்த அமைதியில் நான் மட்டும் கண் விழித்து, கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். எத்தனை நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. கத்தினால் குழந்தை பயந்துவிடும். வெளியே போனால் எங்கே போவது? இரும்புக் கதவு இழுத்தால் திறக்கும். திறந்த பிறகு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது எனக்கு?

5

கொல்லை வழியாக மீனாச்சியிடம் போனேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தாள்.

"தாவு?" என்றாள்.

அவளுக்கும் தெரிந்திருக்கிறது! தலையை ஆட்டினேன். அவள் தன் வாயைக் கையால் பொத்திக் காட்டினாள். புருஷன் சொல்லக்கூடாது என்று கட்டளை போட்டிருந்தாராம். அவள் கண் கலங்கியிருந்தது. என்னால் அவளை வெறுக்க முடியவில்லை.

எனக்குத் தெரிந்த மலாயையெல்லாம் கூட்டி ஒரு கேள்வி கேட்டேன். உங்கள் ஆட்கள் யாராவது இந்தியாவுக்குத் திரும்பிப் போனதுண்டா?

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு, "இந்தியா சானா?" என்று கையை நீட்டினாள். பக்கத்து ஊரான புக்கிட் ரம்பாய் இருக்கும் பக்கமா, அல்லது இந்தப் பக்கமா என்று என்னையே திருப்பிக் கேட்டாள். கேலியில்லை. உண்மையாகவே தெரியாது. அன்றைய பூசை விபூதி அவள் நெற்றியில் அழியாமல் இருந்தது. இவளுடைய முப்பாட்டிக்கு முப்பாட்டி ஒருத்தி, இந்தச் சந்தில் எங்கோ படுத்துக்கொண்டு, திசையை மறக்காமல் பார்த்துக்கொண்டே இருந்திருப்பாள் அல்லவா?

மீனாச்சி என் தோளைப் பிடித்து என் வீட்டுப் பக்கம் திருப்பினாள். "காடோ" என்றாள். சண்டை போடு. "சிம்பான் வேண்டாம்" என்றாள். சிம்பான் என்றால் பத்திரப்படுத்தி வைப்பது. "வேண்டாம்" என்ற தமிழ்ச்சொல்லை அவள் வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன். என்னிடமிருந்து எப்போது எடுத்துக்கொண்டாளோ.

வெயில் தாழ்ந்திருந்தது. இவர் எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தார். தேநீரை முன்னால் வைத்தேன்.

"ருமா சியாப்பா ஜுவால்?" என்றேன். வீட்டை யார் விற்றது?

முதலில் சிரித்துவிட்டார். "அடடே, மலாய்லாம் வருதே! யாரு சொல்லித் தந்..." என்றவர் பாதியில் நிறுத்தினார். குவளையை வாய்க்குக் கொண்டுபோகவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

"மதியம் நீ தூங்கலியா?"

"இல்ல."

"மாரி, நானே சொல்றதாத்தான் இருந்தேன். தீபாவளி கழியட்டும்னு..."

"யாருக்கு வித்தீங்க?"

"பெரியப்பா மகனுக்கு."

"உள்ளறைப் பூட்டு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "உடைச்சுத்தான் எடுத்தாங்களாம். ஒரு சாமான் போகல. எல்லாத்தையும் உங்க அக்கா வீட்டுல கொண்டுபோய் வச்சிருக்கு."

"அக்காவுக்கும் தெரியுமா?"

குவளையை மெதுவாகக் கீழே வைத்தார். ஆக, ஊருக்கே தெரியும். வண்டியில் என் சாமான் போவதைத் தெரு முழுவதும் பார்த்திருக்கும். கடல் தாண்டி இந்தச் சந்துக்கும் செய்தி வந்துவிட்டது. அந்த வீட்டை ஆண்டவள் ஒருத்திக்குத்தான் தெரியாது.

நான் அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவரே பேசத் தொடங்கினார்.

"சட்டமெல்லாம் மாறிக்கிட்டு வருது மாரி. இப்ப வெளியில போறவனத் திரும்ப உள்ள விடுவானான்னு தெரியாது. ரெண்டு எடத்துலயும் கால வச்சிக்கிட்டு நிக்க முடியாது. ஒண்ண விடணும்."

"அப்ப இத விட்டிருக்கலாமே? வந்துடறேன்னுதானே சொன்னீங்க?"

"அங்க எனக்கு என்ன இருக்கு?" அவர் குரல் திடீரென்று உயர்ந்தது. "நான் இங்க வந்தப்ப எனக்குப் பதினஞ்சு வயசு. மூணு வருசத்துக்கு ஒரு தடவ வந்து உன் வீட்டுல விருந்தாளியா இருந்துட்டு வந்தேன். உப்பு எந்த டப்பாவுல இருக்குன்னு தெரியாது எனக்கு. நான் வாசல்ல நின்னா நாய் குரைக்கும், நீ வந்து அடக்குவே. இந்த ஊருலதான் நான் செத்துப் பொழைச்சேன். ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதைக்கு ஆள் புடிச்சப்ப லாரியிலேருந்து குதிச்சு ஓடி வந்தேன். நடராஜாவோட அம்மா சாமி ரூம்புல என்னை மறைச்சு வச்சாங்க. கையில அகப்பட்டிருந்தா அவங்க குடும்பத்தையே தொலைச்சிருப்பானுங்க. பேச்சுகூடப் புரியாது எனக்கு. மரவள்ளிக் கிழங்க அவிச்சு, கதவ லேசாத் தொறந்து உள்ள தள்ளுவாங்க. எத்தனை மாசம்!"

இத்தனை வருஷத்தில் இதை அவர் என்னிடம் சொன்னதில்லை. லாரி, சயாம், சாமி அறை, ஒன்றுமே எனக்குத் தெரியாது. சோப்பும் சட்டைத்துணியும்தான் தெரியும்.

"இத ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீ பயந்துடுவேன்னு."

"வீட்ட வித்ததையும் அதுக்குத்தான் சொல்லலியா?"

எனக்கு அவர்மேல் இரக்கமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. ஒன்று மற்றொன்றைக் குறைக்கவில்லை. மறைந்து கிடந்த அந்தப் பையனுக்காக மனம் உருகியது உண்மை. அந்தப் பையன்தான் வளர்ந்து என்னை இந்த வீட்டுக்குள் வைத்துச் சாத்தியிருக்கிறான் என்பதும் உண்மை.

"சரிங்க. உங்களுக்கு இது ஊரு. நான் குத்தம் சொல்லல. எனக்கு இது ஊரில்ல. எங்க ரெண்டு பேரையும் கப்பல் ஏத்திவிடுங்க. அக்கா வீட்டுல ஒரு மூலையில இருந்துக்கறேன்."

மறுப்பார், கெஞ்சுவார், கை ஓங்குவார் என்றெல்லாம் நினைத்திருந்தேன்.

"ஏத்திவிடறேன்" என்றார். "உன்னைக் கேக்காம ஒண்ணு செஞ்சேன். அது போதும். போறதுன்னா போ. நான் தடுக்கல."

உள்ளே போய்ப் பெட்டியை இறக்கினேன்.

6

பிறகு என்ன ஆயிற்று என்று உங்களுக்குத் தெரியும். நான் போகவில்லை. இங்கேதான் இருக்கிறேன். இவரோடு தீபாவளி வரை பேச்சில்லை. மீண்டும் பேசியபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். என்னைப் பற்றிய எதையும் என் முகத்தைப் பார்த்து, தமிழில் பேசவேண்டும். இன்றுவரை அதை அவர் மீறவில்லை. பாசாருக்கு நானே போகிறேன். ஆபீசுகளில் என் கேள்விக்கு நானே பதில் சொல்கிறேன். ஆனாலும், கதவு திறந்தே இருக்கிற வீட்டில் அடைபட்டிருப்பதுபோன்ற அந்த மூச்சுமுட்டல் முழுவதும் விட்டுப் போயிற்றா என்றால் இல்லை. விடுமுறைப் பகலில் சில சமயம் வந்துவிட்டுப் போகும்.

போகாததற்குக் காரணம் சட்டம் என்று ஊரில் சொல்லிக்கொண்டார்கள். கணவர் விடவில்லை என்றும் சொன்னார்கள். இரண்டுமில்லை. அது அன்று மாலை நடந்தது.

பெட்டியில் வசந்தாவின் பாவாடையை மடித்து வைத்துக்கொண்டிருந்தேன். சந்தில் விளையாடிவிட்டு அவள் உள்ளே வந்தாள். கால் முழுவதும் மண். பெட்டியைப் பார்த்தாள். தன் பாவாடையைப் பார்த்தாள்.

"நம்ம ஊருக்குப் போறோம் வசந்தா. நீயும் நானும்" என்றேன்.

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "தா மாவு" என்றாள்.

வேண்டாம் என்கிறாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்த மதியம் முழுவதும் அந்தப் பாஷையிடம் பட்ட அடியெல்லாம் சேர்ந்து வந்தது.

"எங்கிட்ட அதுல பேசாத. தமிழ்ல சொல்லுடி!"

அவள் பயப்படவில்லை. பெட்டிக்குள்ளிருந்து தன் பாவாடையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். என் முகத்தைப் பார்த்தாள். இந்தத் தடவை தேடி எடுக்கவில்லை, தயங்கவில்லை. நம் ஊரில், வீட்டில் இருக்கிறவர்கள் பயணம் போகிறவர்களைப் பார்த்துச் சொல்வதுபோல, அன்பாகவே சொன்னாள்.

"நான் வரலம்மா. நீ போயிட்டு வா."